எதிர் என்று குறிக்கப்பட்ட வீடு

14, சேப்பல் வரிசை, சாண்ட்பெக், கம்பிரியா
26 மே 1987

அன்புள்ள மரியனுக்கு,

நான் உனக்கு ஓட்டுப் போடப் போவதில்லை என்று மீன் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். அப்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை உன் கட்சிக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டுவரும் பெரில், அட்டையும் பென்சிலுமாக வந்தாள். மகளுக்குத்தானே என்று கேட்டாள்.

"அது எனக்கும் ஓட்டுப்பெட்டிக்கும் நடுவுல உள்ள விஷயம், பெரில்."

"பெத்த பொண்ணுக்கே சொல்ல மாட்டீங்கன்னா, எதிர்னுதான் குறிக்கணும், ஹில்டா அக்கா."

"குறிச்சுக்க. எழுத்தாவது புரியற மாதிரி இருக்கட்டும்."

இவ்வளவுதான் நடந்தது. ஓட்டும், பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனமும் வெளியே சொல்வதற்கில்லை என்று கன்னியர் பள்ளியில் படித்தவள் நான். உன் அப்பாவும் நானும் கைகோத்துக்கொண்டுதான் வாக்குச்சாவடிக்குப் போவோம். அவர் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு குறை உண்டு. உன் துண்டறிக்கையில் அப்பாவின் படத்தை என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறாய். கீழே, "அணுமின் நிலையத்தில் முப்பது ஆண்டு உழைத்தவரின் மகள்". அந்த மகள் பத்து ஆண்டுக்கு முன் அதே நிலையத்தின் வாசலில், எதிர்ப்புப் பதாகையோடு நின்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஊருக்கு ஞாபகசக்தி இல்லை என்று நினைத்தாயா?

போன வருஷம் ரஷ்ய அணு உலை வெடித்தபின் பெய்த மழையால், மலை ஆடுகளை விற்க இன்னும் தடைதான். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
ஹில்டா டைசன்

தேர்தல் அலுவலகம், துறைமுகத் தெரு
29 மே 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆறு மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோமே என்று இங்கே சிரிக்கிறார்கள். முக்கியமானதை நீங்கள் தொலைபேசியில் பேசமாட்டீர்கள் என்று சொன்னேன்.

அட்டையை நானும் பார்த்தேன். "டைசன், திருமதி ஹில்டா: எதிர்." பெரில் மேல் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு அரை மணி நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

படத்துக்கு மன்னியுங்கள். நிலையத்தை மூடக்கூடாது என்று இப்போது நான் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை, அதனால்தான் போட்டேன். அணு உலைகளை மூட வேண்டும் என்பது கட்சியின் முடிவு. மூடக்கூடாது என்ற பேச்சை மட்டும் விட்டுவிடு, கட்சியின் முன்வரிசையில் ஒரு பொறுப்பு தருகிறோம் என்று லண்டனில் சொன்னார்கள். என்னால் முடியாது என்றேன். நாடாளுமன்ற உறுப்பினரானதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், தூசி தின்ற நுரையீரலோடு சுரங்கத் தொழிலாளிகள் என் முன்னால் உட்காருகிறார்கள். குறையைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்குகிறது. நிலக்கரியைவிட அணுமின்சாரம் மேல் என்று அவர்களைப் பார்த்துத்தான் மனம் மாறினேன். அதற்குள் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. வாசலில் என்னைத் தாண்டி வேலைக்குப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நீங்களும் எதிர் என்றால் யாருக்காக நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம். வருவீர்களா?

அன்புடன்,
மரியன்

சாண்ட்பெக்
31 மே 1987, ஞாயிறு

அன்புள்ள மரியனுக்கு,

பூசை முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

நீ வாசலில் நின்ற நாட்களில் காவலாளியிடம் சொல்லி உனக்கு நாற்காலி போடச் செய்தது அப்பாதான். தொழிற்சங்கம் கொடுத்தது என்று நீ நினைத்திருப்பாய். உன் பதாகையில், "கழிவை எங்கே புதைப்பீர்கள்?" என்று எழுதியிருந்ததே, அதை அப்படியே மேலாளர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். பதில் வரவில்லை. அடுத்த மாதமும் கேட்டார். நிலையத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது, அதனால்தான் கேட்டார். ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் என்னிடம் சொன்னது இது: "அவ நின்னது எனக்கு எதிரா இல்ல, ஹில்டா. நான் கேக்க மறந்ததைக் கேட்டா. அவகிட்ட சொல்லிடு."

நான் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போனவள் தானே முதலில் வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். அடக்கத்தன்று நீ என் கையைப் பிடித்தபோதும் வாய்வரை வந்ததை விழுங்கினேன். மகளுக்குச் சேர வேண்டியதை ஆறு ஆண்டு பூட்டி வைத்தது என் கர்வம்தான். வேறு காரணம் கிடையாது. பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

படம் இருக்கட்டும். ஆனால் மேடையில் முழுவதையும் சொல். வாசலில் நின்றதையும், மாறியதையும், அந்தக் கேள்வி இன்னும் பதிலில்லாமல் இருப்பதையும். ஓட்டு குறையலாம், குறைந்தால் குறையட்டும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். இதைப் படித்த பிறகும் உனக்குச் சம்மதமென்றால் மேடையில் உன் பக்கத்தில் உட்காருகிறேன். இல்லையென்றால் கூட்டத்தோடு பின்வரிசையில் இருந்துவிடுவேன். எங்கே உட்கார வேண்டும் என்று புதன்கிழமைக்குள் ஒரு வரி எழுதிப் போடு.

உன் அம்மா