இடப்பக்கக் கைப்பிடி

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

அம்மாவின் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு ஒரு பெட்டி. அதற்குள், "சுத்தினா அரைபட மாட்டேங்குது, பாருண்ணா" என்று ஒரு துண்டுச் சீட்டு. திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். அம்மா போனபின் அவள் சாமான்களைப் பங்கு பிரித்த அன்று இது ஒன்றைத்தான் நான் கேட்டேன். மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும், "பழைய இரும்பு மேல இவ்வளவு ஆசையா மச்சான்?" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதையும் மறக்கவில்லை.

இரும்புக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார்? அதைச் சுரண்டி எடுப்பதற்குள் என் நகம் எல்லாம் போயிற்று. "காலேஜ்ல பசங்கள திட்டின வாய், இப்ப திருகாணிய திட்டுது" என்கிறாள் உன் அண்ணி. என்னிடம் படித்தவனையே எனக்கு மேல் துறைத் தலைவராக உட்கார வைத்த காலேஜைவிடத் திருகாணி எவ்வளவோ மேல். எண்ணெய் விட்டுக் காத்திருந்தால் அது நியாயத்துக்குக் கட்டுப்படும்.

பிரித்துப் பார்த்ததில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அரைக்கும் பற்களுக்கு ஒரு பக்கம்தான் கூர். அந்தப் பக்கம் அப்படியே இருக்க, முதுகுப் பக்கம் தேய்ந்து பளபளத்தது. மேஜையோடு இறுக்கும் அடித்தட்டில், பழைய தடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் புதுக் கீறல்கள். யாரோ மெஷினையே திருப்பி வைத்து, கைப்பிடியை இடது கைக்கு வரவைத்துச் சுற்றியிருக்கிறார்கள். அப்படிச் சுற்றினால் அச்சு எதிர்த்திசையில் சுழலும்; கொட்டையை உள்ளே இழுக்கிற திருகு அதை வெளியேதான் தள்ளும்.

இடது கையால் நீ ஒரு டம்ளரைக்கூடத் தூக்கியதில்லை. சின்ன வயதில் என் முதுகில் விழுந்ததெல்லாம் உன் வலது கை அடிதான்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் மனுஷன் திணறிவிட்டார். முதலில், "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்" என்றார். விடாமல் கேட்டேன். "அவளுக்கு லேசா ஒரு பக்கம் இழுத்துடுச்சு. நடையெல்லாம் சரியாயிடுச்சு, வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சு கேக்கல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார். கடையில் தூள் வாங்கி வருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, அம்மா மெஷினில் என் கையால்தான் அரைப்பேன் என்றாயாமே. மெஷினைத் திருப்பி வைத்துக் கொடுத்தவர் அவர்தானாம். அசட்டு வேலைதான். ஆனாலும் அவர் மேல் இருந்த கோபத்தில் கால்வாசி அன்றைக்குக் குறைந்துவிட்டது. முக்கால்வாசி பத்திரமாக இருக்கிறது. அவரைத் திட்டாதே.

இப்போது அச்சை மறுபக்கமும் நீட்டி, கைப்பிடியை இடப்பக்கம் மாட்டியிருக்கிறேன். மெஷினைத் திருப்பவே வேண்டாம். இடது கையால் முன்பக்கமாகச் சுற்றினால் போதும், கொட்டை தானாக இறங்கும். வலப்பக்க முனையை நான் வெட்டவில்லை. உன் கை சரியானதும் கைப்பிடியை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ள ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும்.

மரப்பிடி மட்டும் பாக்கி. உன் கைக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இழைக்க முடியும். அதனால் பார்சலில் அனுப்பவில்லை. அடுத்த வாரம் நானும் அண்ணியும் எடுத்துக்கொண்டு வருகிறோம். வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்? தாண்டி வருகிறேன்.

கொட்டை வாங்கி வை. வலது கை மெதுவாகத்தான் வரும்; அதுவரை அதைக் கோபித்துக்கொள்ளாதே. கோபத்துக்கு நம் வீட்டில் நான் ஒருத்தன் போதும். நீ நன்றாக இருக்க வேண்டும், வாலு.

உன் அண்ணன்,
பழைய இரும்பு