படகுப் பெயிண்ட் அடித்த கிட்டார்

கடப்பாக்கம்
12-3-1998

வசந்துக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். நீ விட்டுப்போன கிட்டாரை நான் பாழாக்கிவிட்டேனாம், இனி வீட்டுப் படி ஏறமாட்டாயாம். அறுபத்து மூன்றில் செய்தது, கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் இரண்டு, சத்தத்துக்கு மூன்று திருகு, அடுத்த வருசம் கம்பெனிக்காரன் அதை நான்காக்கிவிட்டான். நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பழைய பெயிண்ட்டைத் தொட்டால் மதிப்பு போய்விடும் என்று என்றைக்கடா சொன்னாய்?

உப்புக் காற்று அரிக்கிறதே என்று படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட்டை அடித்தேன். "இன்னாய்யா, இத்த எடுத்துகினு உம்புள்ள மீன் புடிக்கவா போறான்?" என்று உன் அம்மாகூடச் சிரித்தாள்.

உன் கை உரசி மரம் தெரிகிற இடத்தில் மட்டும் பிரஷ் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு நேரில் திட்டு.

உன் நைனா