பன்னிரண்டாவது ராஜினாமா

சிப்பிகாட்
3.6.2008

செயலாளர் சுசீலா அவர்களுக்கு,

வணக்கம். இந்த வாலிபால் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாகத் தலைவராக இருந்து மாரடித்தாயிற்று. சுனாமியில் கோர்ட் பாதி கடலோடு போனபோதும் நான் விடவில்லை. இப்போது உடம்பு ஒத்துழைக்கவில்லை. மரியாதையும் முன்னைப் போல் இல்லை. ஆகவே பதவி விலகுகிறேன். யாரும் வீட்டுக்கு வந்து வற்புறுத்த வேண்டாம். ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
முருகையா

ஃபீனிக்ஸ் பே
6.6.2008

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். நான் செயலாளராகி மூன்று மாதம்தான் ஆகிறது. இவ்வளவு சுலபமாக நாற்காலியை விடுகிறவரை எங்கள் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை. ராஜினாமாவை ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். நாலைந்து பேர் பூமாலை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். ஐயாவே வேண்டாம் என்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

நன்றியுடன்,
சுசீலா

சிப்பிகாட்
11.6.2008

அன்புள்ள சுசீலா அம்மாவுக்கு,

ஏகமனதாக என்றால் எப்போதும் என் பக்கம் நிற்கிற முத்துராஜுமா கை தூக்கினான்? போகட்டும். உங்களுக்கு முன்னால் செயலாளராக இருந்த கிருஷ்ணமூர்த்தி, ரிட்டயராகி இந்தத் தீவை விட்டு மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏறும் அவசரத்தில் சிலதைச் சொல்லாமல் போய்விட்டார் போல. வருடா வருடம் ஜூனில் நான் ராஜினாமா எழுதுவேன். அவர் ஆட்களோடு வருவார். முடியவே முடியாது என்பேன். பொன்னம்மா கேசரி கொண்டுவந்து வைப்பாள். அத்தோடு நான் மனசு மாறிவிடுவேன். இந்த வருடம் பதினைந்து பேருக்குக் கிண்டிய கேசரியை நாங்கள் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை வரை தின்றோம்.

இதை வேறு எதற்காகவும் எழுதவில்லை. தகவலுக்காக மட்டும்.

முருகையா

ஃபீனிக்ஸ் பே
14.6.2008

ஐயா,

தகவலை ஃபைலில் சேர்த்துவிட்டேன். 22ஆம் தேதி தேர்தல். நம் டீம் கேப்டனாக இருந்த நீலாவதி மட்டும்தான் பெயர் கொடுத்திருக்கிறாள். கேசரி வீணானதில் எனக்கும் வருத்தம்.

சுசீலா

சிப்பிகாட்
17.6.2008

சுசீலாம்மா,

இதைக் கமிட்டியில் வாசித்துவிடாதே. எனக்கு அந்தப் பதவி வேண்டும். மூன்று நாள் யோசித்துவிட்டு வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். நாலு மணியானால் கால் செருப்பைத் தேடுகிறது. மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வருகிறேன். "சாயங்காலம் முழுக்க நீங்கள் வீட்டிலேயே இருந்தால் நான் எங்கே போவது?" என்று பொன்னம்மா சண்டைக்கு வருகிறாள். நீலாவதி கெட்டிக்காரிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் போக வேறு இடம் இருக்கிறது. எனக்கு இல்லை, அம்மா.

முருகையா

ஃபீனிக்ஸ் பே
23.6.2008

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. ரெண்டு நாள் எனக்குத் தூக்கமும் இல்லை. ஆனாலும் தேர்தலை நிறுத்தவில்லை. நேற்று நீலாவதி தலைவராகிவிட்டாள். மிச்சக் கோர்ட்டும் கடலுக்குப் போகிறதுக்குள் புது இடம் கேட்டு ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். அதற்கு இருபத்தாறு வயசுக் கால்தான் சரி. என் மேல் கோபம் இருந்தால் நேரில் திட்டுங்கள்.

கூட்டம் முடிந்து கோர்ட்டுக்குப் போனோம். மூன்று வாரமாக வலை நடுவில் தொய்ந்தே கிடக்கிறது. இத்தனை வருடமும் அதைக் கட்டியது நீங்கள்தான் என்று அங்கேதான் தெரிந்தது. நீலாவதி அரை மணி நேரம் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "முருகையா ஐயா வந்தால்தான் ஆகும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வலை கட்டுகிறவருக்குத் தேர்தலும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. இதைத் தபாலில் போடாமல் ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு நாலு மணிக்குக் கோர்ட்டில் ஏறிய கடல் நீர் வற்றிவிடும். பிள்ளைகள் காத்திருப்பார்கள். வந்துவிடுங்கள்.

சுசீலா