நெற்றிப்பொட்டில் போட்ட சூடு

ஜூலை 4, 1978

மழை. எஸ்டேட் டிஸ்பென்சரிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். வாளி ஒன்றுதான். இருமல் மருந்து கலக்க வேண்டும்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் பேச்சி மறுபடியும் வந்தாள், மகள் செல்வியோடு. ஒன்பது வயது. அடுப்பு ஊதினால் பிள்ளைக்கு இடது கை தொங்கிவிடுகிறதாம். கால் மணி நேரத்தில் தானே சரியாகுமாம். நல்ல வியாதி! வாரம் ஒருமுறை வரும் டாக்டர் பார்த்தார். பார்த்தார் என்பதே அதிகம். "எல்லாம் அபிநயம். பணி செய்யான் மடி." நடிப்பாம், வேலை செய்யச் சோம்பலாம். மலையாளத்தில் சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பேச்சி நகரவில்லை. "வேற என்னதான்யா செய்ய?"

"போய்ச் சூடு போடு. கை தானா எந்திரிக்கும்" என்றேன். வரிசையே சிரித்தது.

ஜூலை 7

மழைதான். வீட்டில் சர்க்கரை இல்லை.

பாவிகள் போட்டேவிட்டார்கள்! வலது காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில், எட்டணா அகலத்துக்கு வெந்து கிடக்கிறது. இடது கை விழுந்தால் வலது பொட்டில் போடணுமாம். என்ன ஞானம்!

"நீங்கதான கம்பவுண்டரய்யா போடச் சொன்னிய" என்கிறான் அப்பன் சுடலை. நையாண்டிக்குச் சொன்னது. அதுகூடப் புரியாத ஜென்மங்கள்.

மருந்து தடவும்போது செல்வி ஏங்கி ஏங்கி அழுதாள். அழ அழ, இடது கை தொங்கியது. வாய் கோணியது. அம்மா என்று கூப்பிட வரவில்லை. இதுவா நடிப்பு? டாக்டர் ஒரு மடையன், நான் அவனுக்கு எடுபிடி. எஸ்டேட் துரையிடம் லீவு கேட்டாகிவிட்டது. நானே கூட்டிப் போகிறேன்.

ஜூலை 19

பெரிய ஆஸ்பத்திரி. காலை: இட்லி, கல் மாதிரி. செல்விக்குக் கழுத்தில் ஊசி போட்டு எக்ஸ்ரே.

சர்ஜன் சொன்னது: மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. ஊதினால், அழுதால் இன்னும் இறுகும். விட்டால் ஒருநாள் விழுந்த கை எழாது, பேச்சும் போகலாம். மாத்திரை கிடையாது. காதுக்கு முன்னால் தோலடியில் ஓடும் குழாயை எடுத்து, மண்டையில் துளை போட்டு, மூளைமேல் உள்ள குழாயோடு தைக்க வேண்டும். மைக்ராஸ்கோப் வைத்து. முடியைவிட மெல்லிய நூல். ரத்தத்துக்குப் புது வழி.

பேச்சி கும்பிட்டாள். நான் செல்வியின் வலது காதுக்கு முன்னால் இருந்த கட்டைப் பார்த்தேன்.

ஜூலை 20

சர்ஜன் கட்டைப் பிரித்து வலது பொட்டில் விரல் வைத்தார். மறுபடி வைத்தார். துடிப்பு இல்லை. குழாய் வெந்து அடைத்துவிட்டது. இனி பொட்டுச் சதையை மூளைமேல் பரப்பி வைப்பதுதான். அதிலிருந்து புதுக் குழாய்கள் முளைக்க வேண்டும், மாதக்கணக்கில். அதுவரை கை தாங்குமா? "சொல்ல முடியாது."

பிறகு கத்தினார். "எந்த முட்டாள் இதைச் செய்யச் சொன்னது?"

சுடலை என்னைப் பார்த்தான். "யாரும் சொல்லலய்யா. நாங்களாத்தான் போட்டோம். புத்தி கெட்டுப் போச்சு."

"படிக்காத ஜனம்" என்று சர்ஜன் என்னிடம் இங்கிலீஷில் அலுத்துக்கொண்டார்.

நான் தலையாட்டினேன்.