இடது கன்னம்

பிப். 11, செவ்வாய்

காலையில் பனி. பஸ் கண்ணாடி முழுக்க ஈரம். திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் சேர ஒன்பதே முக்கால். லேட். ஸ்டுடியோ ஓனர் பாஸ்கர் அண்ணன் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

வேலை:
– செஞ்சி மஞ்சள் நீராட்டு, முகம் டச்சப்.
– வல்லம் காதுகுத்து, அட்டை மட்டும் பாக்கி.
– முரளி கல்யாண ஆல்பம். என் தம்பி. வெள்ளிக்குள் பிரிண்ட் லேபுக்குப் போயாக வேண்டும்.

காதுகுத்துக் குழந்தையின் அத்தை போன். "கொஞ்சம் கலரா காட்டுங்க மேடம். ரொம்பக் கறுப்பாத் தெரியுது." எட்டு மாதக் குழந்தை. காட்டினேன். இதற்குத்தானே சம்பளம்.

மதியம் அம்மா போன். "ஆல்பத்துல உன் மூஞ்சிய சரி பண்ணிட்டியா? சம்மந்தி ஊட்ல எல்லாரும் பாப்பாங்க. உனக்கும் ஒரு எடம் வரணுமில்ல." பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மூன்று வருடமாக இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு. கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து இப்போது வாயோரம் வரை. யாருக்கும் ஒட்டாது, வலிக்காது. டாக்டர் சொன்னதை எத்தனை பேருக்கு ஒப்பித்தாயிற்று.

டீ நேரத்தில் மொட்டைமாடி. படம் எண் 42. தினம் ஒன்று, டைமர் வைத்து என்னை நானே. பழைய கேமரா, லென்ஸில் பூஞ்சை. யாருக்கும் காட்டுவதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கேட்ட முகம்தான் செய்கிறேன். இது ஒன்றாவது என் இஷ்டத்துக்கு.

பிப். 12, புதன்

உட்கார முடியவில்லை. முரளி ஆல்பம் பக்கம் 18, குடும்பப் படம். திறந்தேன், மூடினேன், திறந்தேன். டீ இரண்டு.

பாஸ்கர் அண்ணன்: "இன்னாம்மா, ஒரே பக்கத்த ஒரு மணி நேரமா பாத்துக்கினு கீற? ஜல்தி முடி."

இரண்டு நிமிஷ வேலை. செய்தும் பார்த்தேன். என் கன்னம் ஒரே நிறம். அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். பழையபடி ஆக்கிவிட்டேன்.

அப்புறம் ஏதோ வேகத்தில் மாடிப் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக விரித்தேன். எல்லாவற்றிலும் வலது கன்னம்தான் வெளிச்சத்தில். இடது பக்கம் நிழல். இல்லையென்றால் துப்பட்டா. இல்லையென்றால் கை. மறைக்கச் சொல்லி அம்மா சொல்லவில்லை, பாஸ்கர் அண்ணனும் சொல்லவில்லை. யாருக்கும் காட்டாத படத்தில் யாருக்காக மறைத்தேன்? என் இஷ்டம் என்று நேற்று எழுதியது பொய். வெட்கம். கோபமும். டப்பா சோறு அப்படியே திரும்பி வந்தது.

இன்று படம் இல்லை.

பிப். 13, வியாழன்

மாதிரிப் பக்கங்களைச் சுகன்யாவுக்கு அனுப்பினேன். முரளி மனைவி. இரண்டு நாளாக முகையூரில் அவள் அம்மா வீட்டில். கல்யாணமாகி மூன்று வாரம், என்னிடம் இன்னும் அளந்துதான் பேசுவாள். பத்து நிமிஷத்தில் போன்.

"அண்ணி, என் தழும்பு எங்க?"

"எந்தத் தழும்பு?"

"மோவாயில கீதே. சின்ன வயசுல வரப்புல உழுந்தது. ஒரு படத்துலயும் காணோம். பாத்தா எங்க அக்கா மாதிரி கீறேன். எனக்கும் அவளுக்கும் அதான் வித்தியாசமே."

"கல்யாண ஆல்பம்னா அதெல்லாம் எடுத்துடுவோம், சுகன்யா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்திருக்கலாமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே சுருக்கென்றது.

எப்போது எடுத்தேன்? நினைவே இல்லை. திரையில் முகத்தைத் திறந்தால் கை தானாகப் போகிறது. எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று படம். மூன்று நாளாக அம்மா மேல் கடுகடு என்று இருந்தேன். அம்மாவாவது என்னிடம் கேட்டாள்.

பிப். 14, வெள்ளி

அறுபத்து மூன்றிலும் தழும்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். சின்னதுதான், நெல் அளவு. கழுத்து வலி.

நிறம் மாற்றிய காதுகுத்துக் குழந்தையை என்ன செய்வது? ஆல்பம் நேற்றே போய்விட்டது. போனது போனதுதான்.

இரண்டு நாள் விட்டு மறுபடி மாடி. இடது கன்னத்தை நேராக வெயிலுக்குக் கொடுத்தேன். கண் கூசி மூடிக்கொண்டது. படம் மோசம். எண் 43. வைத்திருக்கிறேன்.

நாலு இருபது: பக்கம் 18 திருத்தாமல், கேமராவில் விழுந்தது விழுந்தபடி, முழு ஆல்பமும் லேபுக்கு. அனுப்பிய கையோடு, நிறுத்தச் சொல்லலாமா என்று லேபுக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நானே கட் பண்ணிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

பிப். 23, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. நேற்று ஆல்பம் வந்தது. வாங்க வேண்டியது: வெங்காயம், கேப்பை மாவு, கேமராவுக்கு பேட்டரி.

மதியம் சாப்பாடு ஆனதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் சுகன்யா. ஊஞ்சல், தாலி, மெட்டி எல்லாம் மெதுவாகப் போயின. நான் தட்டு கழுவுகிற சாக்கில் உள்ளே, ஒரே தட்டை மூன்று முறை.

பக்கம் 18 வரும்போது சுகன்யாவுக்கு போன் வந்து வாசலுக்குப் போனாள். "இங்க வாடி" என்றாள் அம்மா. போனேன். அவள் விரல் படத்தில் என் கன்னத்தின் மேல்.

"மறந்துட்டியா?" என்றாள், வாசலுக்குக் கேட்காதபடி.

"மறக்கலம்மா."