மாலை போட்ட பேஸ் கிற்றார்

11 பெப்ரவரி 2024

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்றிலிருந்து எழுதப்போகிறேன். எழுதி முடித்ததும் முழுப் பெயரையும் பட்டத்தையும் கீழே போட்டு, ஊர் பார்க்கும்படி முகநூலில் ஏற்றுவேன்.

நேற்று யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியின் புல்தரையில் 'சைட் பி' என்ற குழுவின் நிகழ்ச்சி. எழுபதுகளில் வந்த ஆங்கில ரொக் பாட்டுகளை மூலத்தில் உள்ளபடி வாசிக்கிறார்களாம். ட்றிபியூற் கொன்சேட். சுவரொட்டியில் 'இசை அஞ்சலி' என்று அடித்திருந்தார்கள். அதை என் கையில் கண்ட வீட்டுக்கார அம்மா குணலட்சுமி, "ஆர் செத்தது?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை, பாட்டுக் கச்சேரி என்றேன்.

குழுவை நடத்துபவன் எமில்ராஜ். மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பு. அந்த நாளில் நாங்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். அவன் கிற்றாரும் பாட்டும். நான் பேஸ் கிற்றார். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் பிரிந்தோம். அவன் நோர்வே போனான், நான் வன்னிக்குப் போனேன். போன வருடம் அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்வி. அவனைப் பார்க்க நான் போகவில்லை. பாட்டுக் கேட்கத்தான் போனேன்.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். மேடையில் ட்றம்ஸ், கீபோட், இரண்டு கிற்றார். ஓரத்தில் ஒரு தாங்கியில் இன்னொரு கிற்றார் நின்றது, வாசிக்க ஆள் இல்லாமல். கழுத்தில் சந்தன மாலை. முன்னால் சின்ன விளக்கு. சிவப்பு நிறம், கீழ்மூலையில் வர்ணம் உடைந்த இடம் - என்னுடைய பேஸ்.

மூன்றாம் பாட்டு முடிய எமில் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தான். தலை முழுக்க நரை.

"எங்களோடை பேஸ் வாசிச்சவன் ஒருத்தன். வன்னியிலை கடைசிச் சண்டையிலை இல்லாமல் போயிட்டான். அவன்ரை படம் ஒண்டுகூட எங்களிட்டை இல்லை. இடம்பெயரேக்கை எல்லாம் போச்சு. இதுதான் மிஞ்சினது. அதாலைதான் இதுக்கு மாலை போட்டிருக்கிறம். அவன்ரை இடத்துக்கு வேறை ஆளை நான் எடுக்கேல்லை."

பிறகு என் பெயரைச் சொன்னான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் என்ன செய்வது? நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

12 பெப்ரவரி

பேஸ் இல்லாமல் ரொக் வாசிக்கும் குழு உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. கீபோட் வாசிக்கும் பெண் இடது கையால் ஒப்பேற்றுகிறாள். அத்திவாரம் இல்லாத வீடு. நடுவில் வரும் கிற்றார்த் தனி வாசிப்பிலும் பாதியை விழுங்கிவிட்டார்கள். இதற்குப் பெயர் மூலத்தில் உள்ளபடியாம்.

25 பெப்ரவரி

கோபத்துக்குக் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் மாதம், ஊரே தெருவில் நின்றது. என் சைக்கிளில் அம்மா. அதனால் பேஸை எமில் தன் சைக்கிளில் கட்டினான். சனத்துக்குள் சேர்ந்து போக முடியாது, கொடிகாமம் சந்தையடியில் சந்திப்போம் என்று பேச்சு. அம்மாவை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருத்திவிட்டு ஒவ்வொரு காலையும் சந்தையடிக்குப் போய் நின்றேன். அவன் வரவில்லை. அவனுடைய மாமன் கொழும்புக்கு வழி பிடித்துக் கொடுத்து, குடும்பமாகப் போய்விட்டார்கள் என்று பின்னால் ஒருவர் சொன்னார். ஒரு சொல் சொல்லியனுப்பவில்லை. என் கிற்றாரைக் கொண்டுபோக இடம் இருந்திருக்கிறது, சொல்லியனுப்ப ஆள் இல்லாமல் போயிற்றாம்.

நான் வன்னியில் அம்மாவைப் புதைத்தேன். முகாமில் இருந்தேன். மலையகத்தில் வருடக்கணக்காக ஆங்கிலம் படிப்பித்தேன். சுன்னாகத்துக்கு வந்து அறை எடுத்து, ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பிக்கிறேன். எனக்குப் பின்வரிசை வாங்கில் இருந்தவன் இன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிபர். பழைய மாணவர் சங்கத்து மலரில் என் பெயர் இல்லை. இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் செத்தவன் என்று மேடையில் வைத்து-

17 மார்ச்

எப்படிச் செத்தேன் என்று இன்று தெரிந்தது.

குழுவின் முகநூல் பக்கத்தில் எமிலின் பேட்டி ஒன்று இருக்கிறது. சண்டை முடிந்த வருடம், முகாமிலிருந்து வெளியேறிய ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தானாம். மானிப்பாய்ப் பெடியன், வேதக்காரன், இன்ன பெயர். அவர், ஓம், முள்ளிவாய்க்காலில் முடிந்துவிட்டான், நான் கண்ணால் கண்டேன் என்றாராம். ஒஸ்லோவில் தேவாலயத்தில் ஜெபம் வைத்தார்களாம்.

அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு ஞானஸ்நானம் தந்த போதகர்மேல் ஊருக்கு அவ்வளவு பிரியம். அந்த வருடங்களில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர்தான். ஞாயிறு பள்ளியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒரு வாங்கே எழும்பும். முள்ளிவாய்க்காலில் போனது அதே பெயருள்ள இன்னொருவன், தச்சு வேலை செய்தவன், எங்கள் தேவாலயத்துக்குப் பின்வீடு. பாவம், அவனுக்கு வைத்த ஜெபமும் என் கணக்கில் போய்விட்டது.

எமிலும் அந்த ஞாயிறு பள்ளியில் இருந்தவன்தானே? எந்தப் பெடியன் என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

28 ஏப்ரல்

நேற்று மானிப்பாயில், தேவாலய மண்டபத்தில். போகக்கூடாது என்று இருந்தேன். போனேன்.

ரொக் நிகழ்ச்சிக்குப் பிரதம விருந்தினர். மங்கள விளக்கேற்றல், ஆசியுரை, அனுசரணை தந்த லண்டன்காரருக்குப் பொன்னாடை. ட்றம்ஸ் அடிப்பவன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். வாழ்த்துரைக்கு வந்தவர் மேற்கத்திய இசையின் தீமைகளைப் பற்றிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இடைவேளையில் தின்ன ஒரு பற்றிஸ் வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒதுங்கினேன். வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த பெண் எனக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். பியாட்றிஸ் அக்கா. எமிலின் மூத்த சகோதரி.

"நீ செத்தவனெல்லோ?"

"ஓம் அக்கா."

"எப்ப தொட்டு உயிரோடை இருக்கிறாய்?"

"துவக்கத்திலையிருந்தே."

அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி பார்ப்பதுபோல. "மெலிஞ்சு போனாய். எங்கை இருக்கிறாய்?"

"சுன்னாகத்திலை. ஒரு அறை."

"சுன்னாகத்திலையோ? பஸ்ஸிலை ஏறினா வந்திடலாமெல்லோ. அங்கை ஒருத்தன் ஒவ்வொரு மேடையிலையும் உன்னை நினைச்சுக் கண் கலங்குறான். நீ இங்கை நிண்டு பற்றிஸ் தின்னுறாய்."

"அவன் என்னைத் தேடேல்லை அக்கா."

"தேடினவன். செத்திட்டாய் எண்டு சொன்னாங்கள். பேந்து என்னத்தைத் தேடுறது?"

"வடிவாத் தேடியிருக்கலாம்."

"செத்தவனோடை ஒருத்தரும் வாதாடேலாது. உனக்கு அது வசதியாக் கிடக்கு, என்ன?"

அவரே தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

"நான் அவனிட்டைச் சொல்லமாட்டன். உன்ரை சாவு, உன்ரை விசயம். ஆனால் கன நாளைக்கு வைச்சிருக்காதை."

29 ஏப்ரல்

வசதியாம். விசர்க் கதை.

9 யூன்

வசதிதான்.

நேற்றுக் கொடிகாமத்துக்கும் போனேன். சந்தையைத் தாண்டி ஒரு மண்டபம். சந்தையடியில் பஸ் நின்றபோது வெளியே பார்க்கவில்லை. பாட்டுக்காகப் போகவில்லை என்று இனி எனக்கே மறைக்கத் தேவையில்லை. மூன்றாம் பாட்டுக்குப் பிறகு அவன் என்னைப் பற்றிக் கதைக்கிறானே, அதற்காகப் போகிறேன்.

ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று சொல்கிறான். கரண்ட் இல்லாத காலத்தில் அம்மாவின் அலுமாரியில் பேஸின் தலையை முட்டுக்கொடுத்து வாசிப்பேனாம், அலுமாரி முழுக்க அதிருமாம். அது உண்மை. செல் குண்டு விழும்போதும் பகிடி விட்டுக்கொண்டிருப்பேனாம். அது பொய். பகிடி விட்டவன் அவன். நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். நேற்று, "எங்களுக்குள்ளை அவன்தான் நல்லவன்" என்றும் சொன்னான்.

அவன் சொல்லும் அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவரோடும் கோபம் இல்லாதவன். அவனுக்காக மண்டபம் நிறையச் சனம் எழும்பி நிற்கிறது. எனக்காக இந்த வீட்டில் ஒருவர் கதவு தட்டுவதென்றால் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு நான் நிறுத்த மறந்திருக்க வேண்டும். நான் முன்னால் போய், இதோ இருக்கிறேன் என்றால் என்ன நடக்கும்? அந்த நல்லவன் அந்த இடத்திலேயே செத்துப்போவான். பதிலுக்கு நான் கிடைப்பேன். ஆருக்கு லாபம்?

23 யூன்

மழை. எங்கும் போகவில்லை. ஒருவரோடும் கதைக்கவில்லை.

14 யூலை

பியாட்றிஸ் அக்கா தொலைபேசியில். இலக்கத்தை நானே அன்றைக்கு மானிப்பாயில் கொடுத்திருந்தேன்.

"தம்பி, எமில் பேஸ் வாசிக்க ஆள் எடுத்திட்டான். றயன் எண்டு ஒரு மியூசிக் ரீச்சர். செப்ரெம்பர் நிகழ்ச்சியிலை மாலையைக் கழட்டி, உன்ரை கிற்றாரை அவனிட்டைக் குடுக்கப்போறான்."

"ஏன்?"

"இனி அவனைப் போக விடுவம் எண்டு சொல்லுறான். இவ்வளவு நாளும் பிடிச்சு வைச்சிருந்தது காணுமாம்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதோ? இதுக்குப் பிறகு நீ எழும்பி வந்தால் உனக்கு அங்கை நிக்க இடம் இருக்காது. சொல்லிப்போட்டன்."

குழுவுக்குப் பேஸ் வேண்டும் என்று பெப்ரவரியிலிருந்து எழுதிக்கொண்டிருப்பவன் நான். இப்போது ஆள் வந்துவிட்டான். சந்தோசப்பட வேண்டியதுதானே.

சந்தோசமாக இல்லை.

18 ஓகஸ்ட்

பின்னேரம் சைக்கிளில் மானிப்பாய்க்குப் போனேன். எமில் இருக்கும் வீட்டை அக்கா சொல்லியிருந்தார். உள்ளே போய்விடுவது என்ற முடிவோடுதான் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்றும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். முதலில் கொடிகாமம். பிறகு ஒஸ்லோ ஜெபம். பிறகு, கிற்றார் என்னுடையது, அதை ஆருக்கும் தூக்கிக் கொடுக்க நீ ஆர்.

முன்னறையில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். யன்னல் திறந்து கிடந்தது. மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பேஸின் சத்தம்; பழகிப் பார்க்க இப்போதே றயனிடம் கொடுத்திருக்கிறான். நல்ல பெரிய ஸ்பீக்கரில் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. றயன் நன்றாக வாசிக்கிறான். விரல் சுத்தம். அந்த நாளில் நாங்கள் வாசித்த ஒரு நீளமான பாட்டு, நடுவில் எல்லாம் அடங்கி மறுபடி எழும்பும் இடம்.

எமில் நிறுத்தினான்.

"அதிலை உடனை விழாதை. ட்றம்ஸ் முதல் விழட்டும். பேந்து நீ. கொஞ்சம் பிந்தி."

"அண்ணை, அது பிழையெல்லோ? ஒரிஜினலிலை ரெண்டும் ஒண்டாத்தான் விழுது. நான் எத்தினை தரம் கேட்டனான்."

"ஒரிஜினல் கிடக்கட்டும். அவன் பிந்தித்தான் வருவான்."

"ஏன் அண்ணை?"

"நாங்கள் பாட்டுக் கேட்டது சைக்கிள் டைனமோவிலை. மிதிக்கிறவன் களைச்சால் கசெற் இழுபடும். உவ்விடத்திலைதான் எப்பவும் களைக்கிறது. அவன் அந்த இழுவையோடையே பாடமாக்கிப்போட்டான். நான் அவனை எவ்வளவு பேசியிருப்பன். பிந்துறாய், பிந்துறாய் எண்டு. ஒருநாள் செருப்பாலையும் எறிஞ்சனான்."

"அப்ப அவர் பிழையாத்தானே வாசிச்சவர்?"

உள்ளே ஒரு கிற்றாருக்குச் சுதி கூட்டும் சத்தம்.

"மிதிச்சது நான்தானே, றயன்."

மறுபடி வாசித்தார்கள். ட்றம்ஸ் விழுந்தது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு பேஸ். எனக்கு வயிற்றுக்குள் கேட்டது.

வாசற்கதவு சாத்தித்தான் கிடந்தது, பூட்டவில்லை. தள்ளியிருக்கலாம். சைக்கிளைத் திருப்பினேன்.

19 ஓகஸ்ட்

செருப்பால் எறிந்தது எனக்கு மறந்துபோயிருந்தது. இவ்வளவு காலம் ஒவ்வொன்றாய்ச் சேர்த்து வைத்திருந்த நான், அதை எப்படி விட்டேன்?

25 ஓகஸ்ட்

எழுதியது எல்லாவற்றையும் ஒரு சொல் மாற்றாமல் தட்டச்சுச் செய்துவிட்டேன். மாற்றினால் நான் நல்லவனாகிவிடுவேன். அப்படி ஒருவன் ஏற்கெனவே மேடையில் இருக்கிறான்.

கீழே பெயரை அடித்தேன். முதலெழுத்து, பட்டம், எல்லாம். பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன்.

பெயர் போட்டால் நாளைக்கே ஊர் வந்து வாசலில் நிற்கும். பழைய மாணவர் சங்கம் பொன்னாடையோடு வரும். உயிரோடு எழும்பி வந்தவருக்கு என்று அதிபர் ஒரு கூட்டமும் வைப்பான். எமிலும் வருவான். வராமல் இருக்க அவனால் முடியாது, ஊர் பார்த்துக்கொண்டிருக்குமே. அப்படி வருகிறவனை வைத்து நான் என்ன செய்ய?

பெயர் இல்லாவிட்டாலும் அவனுக்கு முதல் நாள் குறிப்பிலேயே விளங்கிவிடும். ஆனால் விளங்காதது மாதிரி இருக்கவும் அவனுக்கு ஒரு வழி இருக்கும். ஆரோ விசரன் எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, செப்ரெம்பரில் மாலையைக் கழற்றலாம், கிற்றாரைக் கொடுக்கலாம். ஒருவரும் அவனைக் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். ஒருவனிடமிருந்து ஒன்றையும் எதிர்பாராமல் ஒரு வழியை விட்டுக்கொடுப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

குழுவின் ரசிகர் பக்கத்தில் பெயர் காட்டாமல் போடும் வசதி இருக்கிறது. அறை குணலட்சுமி அம்மாவின் வீட்டுப் பின்பக்கம், சுன்னாகம் புகையிரத நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பின்னேரங்களில் இருப்பேன்.

பெயரில்லாமல் போடுகிறேன்.