ஒரே குரலில் நான்கு பேர்

அன்புள்ள நெட்டைக்கு,

குட்டை எழுதுவது. விடுதியில் எல்லோரும் நலம். உன் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கட்டிலில் இப்போது புதிதாக வந்த ஒரு பொடிசு படுக்கிறாள். ரிலேயில் உன் இடமும் அவளுக்குத்தான். கெட்டிக்காரி. ஆனால் விடுகிற குறட்டைக்கு நீயே தேவலை.

மைதானத்தில் எதுவும் மாறவில்லை. காலையில் நாலு பேரும் கையைச் சேர்த்துப் பிடிக்கிறோம். யாருக்காவது வலி இருக்கா என்று கோச் கேட்கிறார். இல்ல சார் என்று ஒரே குரலில் கத்துகிறோம். ஒரு குரல் குறைந்தால் நாலு பேருக்கும் கூடுதலாக ஐந்து சுற்று. ஒருத்தி வலி என்றால் நாலு பேருக்கும் தொத்திக்கொள்ளுமாம், அவர் கணக்கு அது.

உனக்குக் கால் வலி தொடங்கிய அன்று நீ கத்தவில்லை. ஐந்து சுற்றும் ஓடி முடித்த எரிச்சலில் எல்லோர் முன்னாலும் உன்னை நடிகை என்று சொன்னேன். நீ அழவில்லை. மறுநாளிலிருந்து எங்களைவிடச் சத்தமாகக் கத்தினாய். எலும்பில் விரிசல் விழுந்து, பாதி ஓட்டத்தில் நீ உட்கார்ந்த நாள்வரை கத்தினாய்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். கொஞ்ச நாளாக எனக்கும் முழங்காலுக்குக் கீழே அதே இடத்தில் வலி. படி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டம். வாயை மூடிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று துணி துவைக்கிற இடத்தில் பொடிசு வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, உங்களுக்கு எப்பவாச்சும் கால் வலிச்சிருக்கா?" என்று கேட்டாள். அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும், "எனக்கா? ஒரு நாளும் இல்லையே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்று காலை அவள் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்டது.

நாளை நான் கத்தாமல் நின்றால் அந்த வீங்கிய காலோடு அவளும் ஐந்து சுற்று ஓடவேண்டும். அதனால் கையைச் சேர்ப்பதற்கு முன்பே அவளையும் இழுத்துக்கொண்டு கோச் அறைக்குப் போய், எங்கள் இருவர் காலையும் காட்டப்போகிறேன். தேர்வு போய்விடும். மற்ற இரண்டு பேரும் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். விடட்டும். உனக்காக அன்று யாராவது போயிருக்கலாம். நான் போயிருக்கலாம்.

நீ சீக்கிரம் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவேண்டும். திரும்ப ஓடுகிறாயோ இல்லையோ, வலியில்லாமல் நடந்தால் போதும். இதற்குப் பதில் போடு. திட்டியாவது போடு.

உன் கையிலிருந்து குச்சியை வாங்கி ஓடிக்கொண்டிருந்த,
குட்டை